எடை ஒன்று, ஆள் வேறு

போன மாதம் தேனைப் பற்றி எழுதும்போது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது மூலக்கூறுகளை நிறுத்துப் பார்க்கும் தராசு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். முப்பத்தொரு வருடம் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், அதிலும் பெரும்பாலும் சர்க்கரைகளோடு. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பக்கத்தையும் சர்க்கரைக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், தராசு என்கிறீர்கள். அப்படியானால் ஒரு துளி சாம்பிளைக் கொடுத்தால் அதில் இருப்பது குளுக்கோஸா, கேலக்டோஸா என்று அது உடனே சொல்லிவிடுமா? வகுப்பில் பசங்க கேட்டார்கள்.
— வேதியியல் ஆசிரியை, குரோம்பேட்டை

பதில்: சொல்லாது டீச்சர். தி.நகரில் நகைக்கடைத் தராசில் ஒரு சவரன் தங்கத்தை வைத்தால் எட்டு கிராம் என்று காட்டும். அது தோடா, மோதிரமா, தாலிப்பொட்டா என்று பார்ப்பது தராசின் வேலையில்லை. குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ் மூன்றிலும் கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்சிஜன் ஆறு. மூன்றுக்கும் எடை 180.063 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு). எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும், புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் போனாலும் வித்தியாசம் வராது. அணுக்கள் அதே அணுக்கள். குளுக்கோஸின் நாலாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்) திசை மாறினால் கேலக்டோஸ். இரண்டாவது கார்பனில் மாறினால் மேனோஸ். பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸும் 180தான். நாக்கில் வைத்தால் அது கூடுதலாகத் தித்திக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். தராசு கண்டுபிடிக்காது.

வகுப்பில் சொல்ல ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் போட்ட சீனி சுக்ரோஸ். பாலோடு வந்தது லாக்டோஸ். இரண்டுக்கும் எடை 342.116. காபியை நீர்த்து இயந்திரத்துக்குள் விட்டால் இரண்டும் ஆளுக்கொரு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு 365.1 என்ற ஒரே இடத்தில், ஒரே பீக்காக (வரைபடத்தில் எழும் முகடாக) வந்து நிற்கும். முளைகட்டிய தானியத்தில் இருக்கும் மால்டோஸும் காளானில் இருக்கும் ட்ரெஹலோஸும்கூட அதே இடம்தான். அதனால்தான் முதலில் குரோமடோகிராபி பத்தியில், அதாவது சர்க்கரைகளைப் பிரிக்கும் நீண்ட குழாயில், ஓடவிட்டு, யார் முன்னால் வருகிறார், யார் பின்னால் வருகிறார் என்று பிரித்த பிறகே தராசுக்கு அனுப்புகிறோம்.

புரதத்தில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. இருபது அமினோ அமிலங்களில் லூசின், ஐசோலூசின் என்ற ஒரு ஜோடிக்கு மட்டும்தான் அச்சாக ஒரே எடை. சர்க்கரையிலோ எங்கே திரும்பினாலும் இரட்டையர்கள். பசங்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: பீக்கைப் பார்த்து ‘ஹெக்ஸோஸ்’, அதாவது ஆறு கார்பன் சர்க்கரை என்று சொல்லலாம். ‘குளுக்கோஸ்’ என்று பெயர் வைக்க வேறு சாட்சி வேண்டும்.

கேள்வி: புளியங்கொட்டைப் பசையை என்சைம் போட்டு வெட்டி மால்டியில் பார்த்தேன். 1085.3, 1247.4, 1409.4 என்று மூன்று பெரிய பீக். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 16 கூடுதலாக ஒரு சின்ன பீக். 1247-க்கு சாஃப்ட்வேர் கேலக்டோஸ் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று படமே வரைந்து கொடுத்தது. அதை அப்படியே பேப்பரில் போட்டோம். ‘இது எப்படித் தெரியும்?’ என்று ரிவ்யூவர் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். கைடு என்மேல் கோபமாக இருக்கிறார். 16 கூடுதலாக வருவது ஆக்சிஜன் ஏறியதாலா? என்ன பதில் எழுதுவது மேடம்?
— ஆராய்ச்சி மாணவர், கிண்டி

பதில்: தம்பி, ரிவ்யூவர் கேட்டது நியாயமான கேள்வி. கோபப்பட அதில் ஒன்றுமில்லை. உங்கள் சாம்பிளும் அருமையான சாம்பிள். சின்ன வயதில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் புளியங்கொட்டை பொறுக்கியவர்கள் நாங்கள். அதே கொட்டையின் மாவுதான் நூல் பாவுக்குக் கஞ்சியாகப் போகிறது. அந்தக் கஞ்சி ஏன் அப்படிப் பிடிக்கிறது என்பதற்கான விடை நீங்கள் பார்க்கும் இந்த மூன்று பீக்கில் பாதி இருக்கிறது.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மால்டி என்பது லேசரால் சாம்பிளைப் பறக்கவைத்து எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். இந்தப் பசையின் பெயர் சைலோகுளுக்கன். பருத்தி நூலில் இருக்கும் செல்லுலோஸ் மாதிரியே குளுக்கோஸ்களை வரிசையாகக் கோத்த சங்கிலி இதன் முதுகெலும்பு. நாலு குளுக்கோஸுக்கு மூன்றின் தோளில் ஒரு சைலோஸ் உட்கார்ந்திருக்கும். சில சைலோஸ்களின் மேல் இன்னும் ஒரு கேலக்டோஸ். தோள் காலியாக இருக்கும் நாலாவது குளுக்கோஸில்தான் என்சைம் வெட்டும். அப்படி வெட்டினால் ஏழு சர்க்கரை, எட்டு சர்க்கரை, ஒன்பது சர்க்கரை கொண்ட துண்டுகள் கிடைக்கும். சோடியத்தோடு சேர்ந்து 1085, 1247, 1409. இடைவெளி ஒவ்வொரு முறையும் 162, அதாவது ஒரு ஹெக்ஸோஸ் (சங்கிலியில் இணையும்போது ஒரு தண்ணீர் வெளியேறுவதால் 180 இல்லை, 162).

முதலில் அந்த 16. அது ஆக்சிஜன் இல்லை, பொட்டாசியம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஒட்டினால் எடை 15.974 கூடும். ஆக்சிஜன் ஏறினால் 15.995. உங்கள் கருவியில் இந்த வித்தியாசம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம், இதே இடத்தில் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வீணாகியிருக்கிறது. பட்டாணி நாற்றின் தண்டிலிருந்து இதே சைலோகுளுக்கனை எடுத்து வெட்டினோம். 1393.4-இல் ஒரு பீக், 1409.4-இல் ஒரு பீக். 1393 தெரிந்த ஆள்; எட்டு சர்க்கரைத் துண்டின் கேலக்டோஸ்மேல் ஃபூக்கோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஏறியது. 1409-ஐப் பார்த்ததும், புளியங்கொட்டையில் இருக்கும் ஒன்பது சர்க்கரைத் துண்டு பட்டாணியிலும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் படம் வரைந்து, கருத்தரங்குக்குப் போஸ்டர்கூட அச்சடித்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு கேலக்டோஸ் உள்ள துண்டின் எடை 1386.45, சோடியத்தோடு 1409.44. ஃபூக்கோஸ் உள்ள துண்டின் எடை 1370.46, பொட்டாசியத்தோடு 1409.42. நடுவில் 0.02 டால்டன்தான். எங்கள் பழைய கருவியின் காலிபரேஷன் அன்று அதைவிட அதிகமாக விலகியிருந்தது. கழுவுவதற்கு நாங்கள் பயன்படுத்தியதோ பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர். கூட வேலை பார்த்த ஒரு பெண்தான் சந்தேகப்பட்டு, சாம்பிளில் ஒரு துளி சோடியம் குளோரைடு கரைசல் சேர்த்து மறுபடி ஸ்பாட் போட்டாள். 1409 படுத்துவிட்டது, 1393 நிமிர்ந்தது. புதிய துண்டு என்று நாங்கள் கொண்டாடியது, பழைய துண்டு பொட்டாசியச் சட்டை போட்டு நின்றதுதான். போஸ்டரைச் சுருட்டி வைத்தோம். நீங்களும் அந்த ஒரு துளியைச் சேர்த்துப் பாருங்கள். கை தாராளமாகப் போக வேண்டாம். உப்பு அதிகமானால், சாம்பிளோடு கலக்கும் மேட்ரிக்ஸ் என்ற பொருள் சரியாகப் படிகமாகாது, சிக்னலே போய்விடும்.

இனி ரிவ்யூவரின் கேள்வி. உங்கள் 1247 சொன்னது ஹெக்ஸோஸ் ஐந்து, பென்டோஸ் (ஐந்து கார்பன் சர்க்கரை) மூன்று என்பதை மட்டும். சைலோஸ், கேலக்டோஸ் என்ற பெயர்களும் அவை ஒட்டிய இடங்களும் உங்கள் கருவியிலிருந்து வரவில்லை. வேறு யாரோ வருடக் கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்ததை சாஃப்ட்வேர் தன் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. புளியங்கொட்டைக்கு அந்த விவரம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் காட்டவில்லை, அதுதான் விஷயம். இன்னொன்றும் உண்டு. கேலக்டோஸ் இரண்டாவது சைலோஸில் ஒட்டினாலும் 1247, மூன்றாவதில் ஒட்டினாலும் 1247. புளியங்கொட்டையில் இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன. சாஃப்ட்வேர் போட்டது ஒரே படம்.

பெயரை நிரூபிக்கப் பழைய வழிதான் நம்பகமானது. அமிலத்தில் கொதிக்கவைத்துத் தனித்தனிச் சர்க்கரைகளாக உடைத்து, எளிதில் ஆவியாகும் ஆல்டிடால் அசிடேட்டாக மாற்றி, ஜிசி-எம்எஸ்ஸில் (வாயு குரோமடோகிராபியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சேர்ந்த கருவி) போடுங்கள். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: குளுக்கோஸிலிருந்து வந்ததும் கேலக்டோஸிலிருந்து வந்ததும் ஏறக்குறைய ஒரே ஸ்பெக்ட்ரம்தான் தரும். எந்த நிமிடத்தில் வெளியே வருகிறது என்பதுதான் அடையாளம். அதனால் ஸ்டாண்டர்டுகளையும், அதாவது பெயர் தெரிந்த தூய சர்க்கரைகளையும், அதே நாளில், அதே பத்தியில் ஓட்டியிருக்க வேண்டும். கூடவே பீட்டா-கேலக்டோசிடேஸ் என்சைம் போட்டுப் பாருங்கள். 1247 குறைந்து 1085 வளர்ந்தால், நுனியில் இருந்தது கேலக்டோஸ், அதன் பிணைப்பு பீட்டா (பிணைப்பின் திசை ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை) என்ற இரண்டு விஷயம் ஒரே அடியில் கிடைக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால் தனியாகச் சொல்ல முடியாத இரண்டு விஷயம் அவை.

இடத்தை நிரூபிப்பது கொஞ்சம் கஷ்டம். 1247-ஐத் தனியே பிடித்து உடைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு குளுக்கோஸையும் இடமிருந்து வலமாக ரயில் பெட்டிகள் மாதிரி நினையுங்கள். வலக்கடைசிப் பெட்டி காலியானது. கேலக்டோஸ் மூன்றாவது பெட்டியில் இருந்தால் கடைசி இரண்டு பெட்டியும் சேர்ந்து 659.2. இரண்டாவதில் இருந்தால் 497.1. படிக்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 659 உடையும்போதே கேலக்டோஸைத் தவறவிட்டால் அதுவும் 497 ஆகிவிடும். போதாததற்கு, இடது பக்கத்திலிருந்து வரும் ஒரு துண்டு தன் சைலோஸை இழந்தால் அதுவும் 659-இல் வந்து நிற்கும். இரண்டு முகவரியிலும் இரண்டிரண்டு பேர்.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் சோடியம் போரோஹைட்ரைடு போட்டு வலக்கடைசி முனையை ஒடுக்குங்கள், அதாவது ஹைட்ரஜன் ஏற்றுங்கள். அந்த முனையில் மட்டும் எடை 2 கூடும். வலமிருந்து வரும் துண்டுகள் 661, 499 ஆகிவிடும், இடமிருந்து வருபவை பழைய எண்ணிலேயே இருக்கும். அப்புறம் பெர்மெத்திலேஷன். காலியாக இருக்கும் ஒவ்வொரு ஹைட்ராக்சிலிலும் ஒரு மெத்தில் போர்த்திவிடுங்கள். அதன் பிறகு இயந்திரத்துக்குள் எங்கே உடைந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் மெத்தில் இல்லாமல் வெறுமையாக நிற்கும். எடையில் 14 குறையும். அதை நாங்கள் தழும்பு என்போம். ஒரு தழும்பு இருந்தால் ஒரு முறை உடைந்தது. இரண்டு இருந்தால் இரண்டு முறை. பிறவியிலேயே கேலக்டோஸ் இல்லாத துண்டு எது, வழியில் இழந்த துண்டு எது என்று அப்போதுதான் தெரியும்.

பெர்மெத்திலேஷனுக்குச் சென்னையில் ஒரு எதிரி உண்டு: ஈரம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அரைக்க வேண்டும். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்து எடை பார்த்து முடிப்பதற்குள் வில்லை பளபளவென்று வியர்த்து, ஸ்பேச்சுலாவில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வியர்த்த வில்லையை உபயோகித்தால் மெத்தில் ஏறுவது பாதியில் நிற்கும். பாதி ஏறியதும் 14 குறைவாகவே காட்டும். அதை நீங்கள் தழும்பு என்று எண்ணிவிடுவீர்கள். சின்ன டப்பாவாக வாங்குங்கள், புதிதாகப் பிரித்ததையே எடுங்கள், ஏசி அறையில் அரையுங்கள். மெத்தில் ஐயோடைடை ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது. அது நஞ்சு.

இரண்டு வகையும் கலந்திருப்பதால், உடைப்பதற்கு முன் கிராஃபைட் கார்பன் பத்தியில் பிரித்துவிட முடிந்தால் ரொம்ப நல்லது. நேரமில்லை, பணமில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ‘ஹெக்ஸோஸ் ஐந்து, பென்டோஸ் மூன்று, புளியங்கொட்டை பற்றி முன்பு வெளியான அமைப்புகளோடு ஒத்துப்போகிறது’ என்று எழுதி, படத்தை எடுத்துவிடுங்கள். அதுவும் கௌரவமான பதில்தான். இந்தப் பக்கத்தைக் கைடிடம் காட்டுங்கள், கோபம் தணியும்.

கேள்வி: எங்கள் கடையில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கிறோம். ‘இதில் சீனிப்பாகு கலந்திருக்கிறதா?’ என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே சுக்ரோஸ்தான், எந்த மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார் ஒருவர். உண்மையா?
— மளிகைக் கடைக்காரர், சைதாப்பேட்டை

பதில்: பாதி உண்மை ஐயா. பதநீரைக் காய்ச்சி வந்த இனிப்பும் கரும்பிலிருந்து வந்த இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இரண்டும் 342. ஆனால் ஐசோடோப் விகிதம் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அது சர்க்கரையை எரித்துக் கரியமில வாயுவாக்கி, 44 எடையுள்ள வாயு எவ்வளவு, 45 எடையுள்ளது எவ்வளவு என்று எண்ணும். கார்பனில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் கொஞ்சம் கனமான கார்பன்-13. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, பனை எடுக்கும் முறை வேறு. பனையைப் போன்ற செடிகள் கனமான கார்பனைக் கூடுதலாக ஒதுக்கிவிடும். அளவுகோலில் அவை மைனஸ் 27 பக்கம் நிற்கும், கரும்பு மைனஸ் 12 பக்கம். கருப்பட்டியை அளந்து நடுவில் ஏதாவது எண் வந்தால், கரும்பு உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் இயல்பாகவே கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருப்பதால், சிறிதளவு கலந்தால் பிடிபடாது. அரிசியிலிருந்து காய்ச்சிய பாகைக் கலந்தாலும் தப்பித்துவிடும். நெல்லும் பனை கட்சி. தேன் சோதனையில் இந்த அரிசிப்பாகுதான் பெரிய தலைவலி என்று போன மாதம் எழுதியது இதைத்தான். கருப்பட்டி வாங்குபவரில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால், இதுவும் சுக்ரோஸ்தான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்று தயவுசெய்து சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஏ குரூப், பி குரூப் ரத்தத்துக்கு வித்தியாசமே ஒரு சர்க்கரைதான் என்று எங்கள் மிஸ் சொன்னார்கள். அதை நீங்கள் சொல்லும் மெஷினால் பார்க்க முடியுமா?
— பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்

பதில்: உங்கள் மிஸ் சொன்னது சரி, கண்ணு. ரத்தச் சிவப்பணுவின் மேலிருக்கும் சர்க்கரைக் கொடியின் நுனியில் ஏ குரூப்புக்கு அசிடைல்கேலக்டோசமீன், பி குரூப்புக்கு வெறும் கேலக்டோஸ். ஓ குரூப்புக்கு இரண்டும் இல்லை. ஒன்று 203, இன்னொன்று 162. 41 வித்தியாசம், மெஷின் பட்டென்று காட்டிவிடும். இந்த நுனி ஏற வேண்டுமானால் அடியில் ஒரு ஃபூக்கோஸ் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1952-இல் மும்பையில் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்ததால் அதற்கு பாம்பே குரூப் என்றே பெயர். அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஏற்ற முடியாது.

ஆனால் அதே ரத்தத்தில் லூயிஸ் ஏ, லூயிஸ் எக்ஸ் என்று இரண்டு சர்க்கரைகள் உண்டு. இரண்டிலும் அதே மூன்று சர்க்கரைகள், அதே எடை. ஒன்றில் கேலக்டோஸ் மூன்றாம் கார்பனில், ஃபூக்கோஸ் நாலாவதில். மற்றதில் இருவரும் இடம் மாற்றி உட்கார்ந்திருப்பார்கள். உடைத்துப் பார்க்கலாம் என்றால் ஒரு விபரீதம்: சர்க்கரையில் ஒரு புரோட்டான் ஒட்டியிருக்கும்போது உடைத்தால், ஃபூக்கோஸ் இயந்திரத்துக்குள்ளேயே கழன்று பக்கத்துச் சர்க்கரையில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த மாதிரி தெரியும். புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டியிருந்தால் இந்த இடமாற்றம் பெரும்பாலும் நடக்காது. ஃபூக்கோஸ் இருக்கும் சாம்பிளில் புரோட்டான் அயனியை மட்டும் வைத்துப் படம் வரைந்தவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: மனிதனின் டிஎன்ஏ முழுவதையும் படித்துவிட்டார்கள். சர்க்கரையைப் படிக்க ஏன் இவ்வளவு பாடு?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நங்கநல்லூர்

பதில்: டிஎன்ஏ நேர்க்கோடு, நாலே எழுத்து. ஆறு எழுத்துச் சொல் என்றால் 4,096 சாத்தியம், தீர்ந்தது. ஆறு அமினோ அமிலம் என்றால் ஆறு கோடியே 40 லட்சம். ஆறு சர்க்கரையை எத்தனை விதமாக இணைக்கலாம் என்று ரோஜர் லெய்ன் 1994-இல் கணக்குப் போட்டார். ஒரு லட்சத்து ஐயாயிரம் கோடி விதம் வந்தது. எந்தக் கார்பனில் பிணைப்பு, ஆல்ஃபாவா பீட்டாவா, எங்கே கிளை பிரிகிறது என்று ஒவ்வொன்றும் பெருக்கிக்கொண்டே போகும். மேலும், டிஎன்ஏவைப் பார்த்து நகல் எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம். சர்க்கரைக்கு அச்சு கிடையாது, கிடைத்த துளிதான். உடம்பு எல்லா வகையையும் செய்வதில்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் பற்றிப் படித்தபோது, கோழிக்கும் மனிதனுக்கும் சர்க்கரைப் பிணைப்பு வேறு, அதனால் சுலபமாகத் தொற்றாது என்று இருந்தது. அந்தப் பிணைப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
— கால்நடை மருத்துவ மாணவி, வேப்பேரி

பதில்: சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை, பக்கத்துக் கேலக்டோஸின் மூன்றாம் கார்பனிலும் ஒட்டலாம், ஆறாம் கார்பனிலும் ஒட்டலாம். பறவை வைரஸ் பெரும்பாலும் முதலாவதைத் தேடும், மனித ஃப்ளூ இரண்டாவதை. தராசில் இரண்டும் 291. எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று இதற்கு உண்டு. மெத்தனாலில் டிஎம்டி-எம்எம் என்ற வினைப்பொருளோடு சேர்த்துச் சூடாக்கினால், ஆறாம் கார்பனில் இருப்பது மெத்தில் எஸ்டராகி 14 கூடும். மூன்றாம் கார்பனில் இருப்பது தன் பக்கத்துச் சர்க்கரையோடேயே வளையம் போட்டுக்கொண்டு ஒரு தண்ணீரை விட்டு 18 குறையும். ஒரே எடையில் இருந்தவர்கள் 32 தள்ளி நிற்பார்கள். கூடவே இன்னொரு லாபம்: மால்டியில் லேசர் பட்டதும் உதிர்ந்துபோகும் சியாலிக் அமிலம் இதற்குப் பிறகு உதிராது. பழகிப் பார்க்க முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் சியாலோகிளைக்கோபெப்டைடு நல்ல சாம்பிள். கோழி முட்டைதான், ஆனாலும் அதில் இருப்பது ஆறாம் கார்பன் பிணைப்பு. அதனால் ‘கோழி என்றால் மூன்று’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். திசு எது என்று பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு மருந்து கம்பெனியில் கிளைக்கான் அனலிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. இது என்ன வேலை? நம்பிப் போகலாமா?
— ஒரு தந்தை, மடிப்பாக்கம்

பதில்: தாராளமாகப் போகட்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபாடி மருந்துகளின் 297-வது அமினோ அமிலத்தில் கிளைக்கான் என்ற சர்க்கரைக் கொத்து தொங்கும். அதில் ஒரு ஃபூக்கோஸ் இல்லாவிட்டால் மருந்தின் தாக்கும் சக்தியே மாறும். ஒவ்வொரு பேட்ச்சிலும் அந்தக் கொத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் மகளின் வேலை. பொறுமை வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லை. முருங்கைப் பிசினில் என்ன சர்க்கரை என்று பார்க்க வேண்டும். வெளியே எங்கே கொடுக்கலாம்?
— எம்.எஸ்சி. மாணவர்கள் நால்வர், ஆவடி

பதில்: ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இருக்கும் சைஃப் (SAIF) என்ற ஆய்வுக் கருவி மையத்தில் வெளிக் கல்லூரி சாம்பிள்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருவார்கள். பிசினை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது பெரிய மூலக்கூறு, இயந்திரத்துக்குள் பறக்காது. முதலில் அமிலத்தில் உடைத்து, ஜிசி-எம்எஸ் கேளுங்கள். கூடவே அராபினோஸ், ரேம்னோஸ், சைலோஸ், மேனோஸ், கேலக்டோஸ், குளுக்கோஸ் ஸ்டாண்டர்டுகளை ஆளுக்கொரு குப்பியில் எடுத்துப்போய், உங்கள் சாம்பிளுக்கு முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள். பிசினில் குளுக்யூரோனிக் அமிலம் மாதிரி அமிலச் சர்க்கரை இருந்தால் இந்த வழியில் தெரியாமல் போகும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பியில் கொடுங்கள், கண்ணாடியிலிருந்து சோடியம் இறங்கும். படிவத்தில் ‘கரைப்பான்’ என்ற கட்டத்தில் வெறுமனே ‘பஃபர்’ என்று எழுதாமல் எந்தப் பஃபர், அதில் பொட்டாசியம் உண்டா என்று எழுதிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.